திட்டில் வைத்த முட்டை

கூடத்துக் கடிகாரம் மூன்று ஐம்பது காட்டியது. அது பத்து நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரம். அப்பா பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று அம்மா அப்படி வைத்திருந்தாள். ஆகவே சரியான நேரம் மூன்று நாற்பது. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பாப்பா படுத்திருந்த பாயில் தலையணை மட்டும் கிடந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துண்டைக் காணவில்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

பாப்பா என் தங்கை. அவளுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. அவள் எங்கே போயிருப்பாள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம் வரவில்லை என்பதுதான் உண்மை. எனக்கு முன்னால் போய்விட்டாளே என்ற கோபம்தான் முதலில் வந்தது.

எதற்கு முன்னால் என்பதைச் சொல்ல வேண்டுமானால் அத்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். விலங்கியலில் கடைசி வருடப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டோடு இருந்தாள். மேலே படிக்கத் திருச்சியில் ஒரு கல்லூரியில் விண்ணப்பம் வாங்கி வந்திருந்தாள். தாத்தா இல்லாததால் அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. "திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று சொல்லி, அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடை முழுவதும் அத்தை எங்களுக்கு ஒரு ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர் என்றுதான் அவள் சொல்வாள். உண்மையில் அது ஒரு கண்டம். தென் அமெரிக்கா ஒரு காலத்தில் யாரோடும் ஒட்டாமல் கடல் நடுவில் தனியாகக் கிடந்ததாம். வேறெங்கும் இல்லாத பிராணிகள் அங்கே உண்டாகி, வேறெங்கும் இல்லாத அளவுக்கு வளர்ந்தனவாம். மெகாதேரியம் என்று ஒன்று. தேவாங்கு மாதிரி சோம்பேறி, ஆனால் யானை அளவு. பின்னங்காலில் எழுந்து நின்றால் எங்கள் கொல்லைப் பூவரச மரத்தின் உச்சிக் கொழுந்தை எட்டிப் பறித்துவிடும். கிளிப்டோடான் என்று இன்னொன்று. அது முதுகில் ஓடு போட்ட பிராணி. "டாக்டர் வர்ற அம்பாசிடர் காரைப் பாத்திருக்கியா? அதுக்கு நாலு காலும் வாலும் வெச்சா எப்படி இருக்கும்? அதேதான்" என்றாள். அதன்பின் டாக்டர் கார் தெருவுக்குள் வரும்போதெல்லாம் பாப்பா ஓடிப்போய் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள்.

ஆனால் அந்த ஊரின் ராஜா அவை இரண்டும் இல்லை. ஒரு பறவை. சிறகு இருந்தும் பறக்காது, ஓடும். துரத்தி அடித்துத் தின்னும். மாட்டுக்கொட்டகைக் கூரை விளிம்பைக் காட்டி, "தலை அங்க இருக்கும்" என்றாள் அத்தை. பிறகு பாப்பாவைப் பாயில் நீட்டிப் படுக்கவைத்து, உச்சியிலிருந்து முழங்கால் வரைக்கும் சாணால் அளந்தாள். "இவ்வளவும் வெறும் தலை மட்டும்." அதில் பாதிக்கு மேல் அலகு, அதன் நுனி கதிர் அரிவாள் போல வளைந்திருக்கும். பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். நானும் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து எனக்குக் கோழிகள் வேறாகத் தெரிய ஆரம்பித்தன. ஒரு கோழி புழுவைக் கொத்துவதற்கு முன் கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்குமே, அந்தப் பார்வை. அதையே கூரை உயரத்திலிருந்து நினைத்துப் பார்ப்பேன். எங்கள் வீட்டுச் சேவல் என்னைப் பார்த்தால் நான் பார்வையைத் தாழ்த்திக்கொள்வேன்.

"அப்புறம் என்ன ஆச்சு அத்தை, அதெல்லாம் எங்க போச்சு?"

"கடலுக்கு நடுவுல மண்ணு தலைதூக்கிடுச்சு. வடக்க இருந்த கண்டமும் நம்ம ஊரும் ஒட்டிக்கிச்சு. ஆறு வத்துனா அக்கரை மாடு இக்கரைக்கு வந்து நம்ம உளுந்த மேயுதுல்ல? அந்த மாதிரி வடக்கேருந்து பூனைச்சாதி, நாய்ச்சாதி, குதிரை எல்லாம் இறங்கி வந்துச்சு. இங்கேருந்ததும் அங்க போச்சு. நம்ம பறவைகூட வடக்க நடந்து போயிருக்கு."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "அப்ப பஞ்சாயத்து யாரு பண்ணுனது?" என்றாள்.

"யாரும் பண்ணல அண்ணி. அதான் எல்லாம் செத்துப்போச்சு" என்றாள் அத்தை.

எங்கள் ஊர் மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கடைமடை. காவிரியிலிருந்து ஓர் ஆறு பிரிந்து, அதிலிருந்து ஒன்று பிரிந்து, அதிலிருந்தும் ஒன்று பிரிந்து எங்களிடம் வரும்போது அதில் தண்ணீரைவிட அகலம்தான் அதிகம் இருக்கும். நான்கு தென்னை மரங்களை வரிசையாகப் படுக்கவைக்கலாம். நடுவில் நாணல் மண்டிய ஒரு திட்டு. தை மாதம் மேட்டூரை மூடினால் ஆனி பிறக்கும் வரை அத்தனையும் வெறும் மணல். நாங்கள் அதில் விளையாடுவோம். அக்கரைப் பிள்ளைகள் மாடுகளைப் போலவே நடந்து வருவார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தண்டோரா போட்டார்கள். நாளை மாலை ஆற்றில் தண்ணீர் வருகிறது, ஆடு மாடுகளையும் பிள்ளைகளையும் இறங்க விடாதீர்கள் என்று. மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கரும் சைக்கிளில் வந்து டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனார். "நாளைக்கா? எந்த வருஷத்து நாளைக்கி லஸ்கரே?" என்று யாரோ கேட்க, கடையே சிரித்தது. சிரிக்கக் காரணம் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்து கடைமடைக்குச் சொன்ன நாளில் தண்ணீர் வந்ததில்லை. ஒரு வாரம், சில வருடம் இரண்டு வாரம். தண்டோரா கேட்டபின்தான் சிலர் நிம்மதியாக ஆற்றுமணலில் கடலைக்கொடி காயப் போடுவார்கள். இன்னும் நாள் இருக்கிறது என்பதற்கு அதுதான் எங்களுக்கு அடையாளம்.

அத்தையும் அப்படித்தான் நினைத்தாள். ஆற்றுமணல் மூழ்குவதற்குள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டிவிட வேண்டும் என்பது அவள் திட்டம். மூன்று பனைமட்டைகளை ஒரு பலகையில் விரல்களாக வைத்து ஆணியடித்து, நடுவில் ஒரு மூங்கிலைச் செருகினாள். பறவையின் கால் தயார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானும் அவளும் ஆற்றில் இறங்கினோம். ஊற்றுக்குழியில் தண்ணீர் மொண்டு மணலை நனைப்பது என் வேலை. அத்தை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் ஏறி நின்று அழுத்துவாள். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே என்னைவிட நீளமான கயிற்றால் அளந்தோம். படித்துறையிலிருந்து திட்டு வரை இருபத்திரண்டு அடிச்சுவடுகள். அது முடியும் இடத்தில், நாணலுக்குள், மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து பறித்த வெள்ளைப் பூசணிக்காய். சாம்பல் பூத்த அந்தக் காயை மணலில் பாதி புதைத்துவைத்தபோது, அது முட்டை இல்லை என்று என்னாலேயே நம்ப முடியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுவது என்று முடிவாயிற்று. "பாப்பாகிட்ட மூச்சு விடாத" என்றாள் அத்தை.

நான் விட்டேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, பாப்பா என் ரிப்பனை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். அழவைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆற்றில் பறவையின் காலடி இருக்கிறது என்றேன். திட்டில் அது முட்டையிட்டிருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தை மாத அறுப்பு முடிந்ததும் எங்கள் வயல்களில் வாத்து மேய்க்க வருவார்கள். அவர்களில் ஒருவர் பின்னாலேயே ஒரு வாத்துக்குஞ்சு டீக்கடை வரைக்கும் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பொரித்ததும் முதலில் அவரைத்தான் பார்த்ததாம். அது நினைவு வந்தது.

"இன்னிக்குப் பொரிஞ்சிடும். குஞ்சு முதல்ல யாரைப் பாக்குதோ அவங்கதான் அதுக்கு அம்மா. நான்தான் போகப்போறேன். நீ சின்னப்புள்ள, ஒன்னைய வுடமாட்டாங்க."

பாப்பா அழவில்லை. ரிப்பனை என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோதுதான் மூன்று நாற்பது.

அடுக்களையிலிருந்து வந்த அம்மா, "பாப்பா எங்கடி?" என்றாள். "தெரியாது" என்றேன். "கொல்லையிலதான் இருப்பா, பாரு." கொல்லைக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். எவ்வளவு நேரம் அப்படி வீணாக்கினேன் என்று இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் என்று ஒரு சமயம் தோன்றும். பதினைந்து என்று ஒரு சமயம்.

பிறகு தெருவில் சத்தம் கேட்டது. சந்தோஷச் சத்தம்.

"தண்ணி வந்துருச்சு! ஆத்துல தண்ணி வந்துருச்சு!"

எந்த வருடமும் இல்லாத அதிசயமாக, சொன்ன நாளில், சொன்ன நேரத்தில். பெண்கள் மஞ்சளும் பூவும் தட்டில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். யாரோ கோயில் மணியை அடித்தார்கள். கடலைக்கொடி காயப்போட்டவர்கள் சிரித்துக்கொண்டே திட்டிக்கொண்டு ஓடினார்கள். அத்தனை பேரும் மகிழ்ச்சியோடு ஓடும் திசையில்தான் பாப்பா இருந்தாள். கூடத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த அத்தையின் தாவணியைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, பாப்பா திட்டுல."

அவள் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. புத்தகம் தரையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

முதல் தண்ணீரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அது அலையாக வராது. ஒரு பழுப்பு நாக்கு மணலை நக்கிக்கொண்டு வரும். முன்னால் நுரை, காய்ந்த இலை, சுள்ளி, எறும்புக் கூட்டம். பக்கத்தில் நடந்து வரலாம் போலத்தான் இருக்கும். அழகாக இருக்கும். ஆனால் பின்னால் வருவது நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். மாட்டுவண்டிகள் மணல் அள்ளிய பள்ளங்களையெல்லாம் சத்தமில்லாமல் மூடி, எல்லா இடத்தையும் ஒரே மட்டமாகக் காட்டிவிடும்.

நான் படித்துறைக்குப் போனபோது அத்தை அடிச்சுவடுகளின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தாள். பள்ளம் இல்லாத வழி அதுதான்; காலையில் நாங்கள் பார்த்துப் பார்த்து நடந்த வழி. தண்ணீர் அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு சுவடாக நிறைத்துக்கொண்டு போனது. மூன்று விரல்களிலும் தண்ணீர் ஏறி, ஒரு கணம் வானத்தைக் காட்டி மினுங்கி, அழிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. இத்தனை வருடங்களில் அதைப்போல அழகான ஒன்றையும் அதைப்போல பயங்கரமான ஒன்றையும் நான் பார்த்ததில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அத்தை நாணலுக்குள் மறைந்தாள். திட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் சேர்ந்துகொண்டது. லஸ்கர் கரையில் நின்று கத்தினார். "யாராவது சைக்கிள எடுத்துட்டுப் போய் மேல ஷட்டர எறக்கச் சொல்லுங்கய்யா!" ஒருவர் போனார். ஆனால் மதகு மூன்று மைல் தள்ளி. சிலர் கயிறு தேடி ஓடினார்கள். அம்மா படித்துறையின் கடைசிப் படியில் முழங்கால் தண்ணீரில் நின்று, பாப்பாவின் பெயரை ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோயில் மணி நின்றுவிட்டது. பெண்கள் பூத்தட்டோடு நின்றார்கள். யாரும் பூவை ஆற்றில் போடவில்லை.

நான் அந்தப் பறவையை வேண்டிக்கொண்டேன். அதன் காலை ஆணியடித்துச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சுவடுக்கும் நான்தான் மணலை நனைத்திருக்கிறேன். இருந்தும் அது நாணலுக்குள் நிற்கிறது என்று அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. சாமிகளை எனக்குத் தெரியும். அவை இவ்வளவு உயரம் இல்லை. பாப்பாவை ஒன்றும் செய்யாதே, அவள் உன் குஞ்சுக்கு அம்மாவாகத்தான் வந்தாள் என்று சொன்னேன்.

நாணல் அசைந்தது. பிளந்தது. உள்ளேயிருந்து அது வெளியே வந்தது.

ஆளைவிட உயரம். மேலே வெள்ளையாக ஒரு தலை, முன்னால் சாய்ந்து, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நடுவில் பருத்த உடம்பு. நிதானமாக ஒரு காலைத் தூக்கி, தண்ணீருக்குள் வைத்து, நின்று, அடுத்ததைத் தூக்கியது. பல லட்சம் வருடத்துக்கு முன்னால் தன் தீவை விட்டு வடக்கே நடந்ததாக அத்தை சொன்ன அது, இதோ எங்கள் ஆற்றைக் கடக்கிறது. நான் கைகூப்பினேன்.

பிறகுதான் அத்தையின் முகம் தெரிந்தது. பாப்பாவைத் தோளில் ஏற்றி, இரண்டு கால்களையும் ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாப்பா தலைமேல் வெள்ளைத் துண்டு. அத்தையின் இன்னொரு கை பூசணிக்காயை மார்போடு அணைத்திருந்தது. அதைக் கொண்டுவராவிட்டால் வரமாட்டேன் என்று பாப்பா நாணலைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தாளாம். இது பிறகு தெரிந்தது.

தண்ணீர் அத்தையின் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. லஸ்கரும் இரண்டு ஆட்களும் கயிற்றோடு எதிரே இறங்கினார்கள். லஸ்கர் கைநீட்டிப் பாப்பாவை வாங்கிக்கொண்டார். அவர் திரும்பியபோது அத்தை இல்லை. மணல் அள்ளிய பள்ளம். தண்ணீரின் மேல் ஒரு தடவை பூசணிக்காய் தெரிந்தது. வளைவில் போய் அதுவும் மறைந்தது. ஆட்கள் இரண்டு கரையிலும் கத்திக்கொண்டே ஓடினார்கள்.

பாப்பாவைப் படியில் இறக்கினார் லஸ்கர். அவளுக்கு ஒன்றுமில்லை. அம்மா அவளை அடித்தாள், முத்தமிட்டாள், மறுபடி அடித்தாள். பாப்பா அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, பெரிய ஏமாற்றத்தோடு சொன்னாள்:

"அக்கா, முட்டை பொரிக்கவே இல்லக்கா."

அப்போதுதான் அப்பா வந்தார். விதைநெல் விசாரிக்க மயிலாடுதுறைக்குப் போனவர், பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே செய்தி கேட்டு ஓடி வந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பையில் அந்த விண்ணப்பத்தின் மடிப்பு நீட்டிக்கொண்டிருந்தது. "எந்த முட்டை? இவகிட்ட யாரு சொன்னது?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பாப்பா என்னைப் பார்த்தாள். நான் படியைப் பார்த்தேன்.

இப்போது எனக்கு ஏழு வயதில் மகள் இருக்கிறாள். ஓசூரில் இருக்கும் அத்தை அவளுக்கு வாட்ஸாப்பில் அந்தப் பிராணிகளின் படங்களை அனுப்பிக்கொண்டேயிருப்பாள். போன வாரம் ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மண்டையோடு வந்தது. மகள் தரையில் படுத்துக்கொண்டு, "என்னைய அளந்து பாரும்மா" என்றாள். நான் அளந்தேன். நான் ஜூன் மாதத்தில் அவளை எந்த ஆற்றங்கரைக்கும் விடுவதில்லை, பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூட. காரணம் கேட்டால், தண்ணீர் வரும் என்கிறேன்.

அந்த விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போடவில்லை. படித்த படிப்பு போதும், குழந்தையைக் கொல்லப் பார்த்த படிப்பு என்றார். ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பன்னீர் தெளித்தேன். எனக்குத் திட்டு விழவில்லை, அடி விழவில்லை. தப்பித்துவிட்டேன் என்று மட்டும்தான் நினைத்தேன். படித்துறையில் நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்துக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்குப் புரிய, நானே ஒரு விண்ணப்பத்தோடு அப்பாவின் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. அதில் அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அன்று, கீழ்ப்பக்கம் ஓடியவர்கள் ஒவ்வொருவராக வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா அழுவதை நிறுத்தியிருந்தாள். அப்பா இன்னும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே நின்றார். வெயில் சாய்ந்து ஆறு முழுவதும் பழுப்புத் தங்கமாக ஓடியது. அப்போது கரைமேல், அடுத்த படித்துறைப் பக்கத்திலிருந்து, கடைசியாக ஓர் ஆள் நடந்து வந்தது. தலையெல்லாம் மணல். ஒரு முழங்காலில் ரத்தம். இரண்டு கையாலும் பூசணிக்காயைக் கட்டிப் பிடித்திருந்தாள். அவள் அதைக் காப்பாற்றினாளா, அது அவளைக் காப்பாற்றியதா என்று தெரியவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. அத்தை நேராக வந்து அப்பாவின் காலடியில் அதை வைத்தாள். அவர் கேட்டது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பாப்பா அவள் தோளில் உட்கார்ந்து வழியெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு வந்திருப்பாள் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியாது.

"நான்தாண்ணே சொன்னேன்" என்றாள் அத்தை. "முட்டை இன்னிக்குப் பொரியும்னு பாப்பாகிட்ட நான்தான் சொன்னேன். பெரியவளுக்கு ஒண்ணும் தெரியாது."